கிளந்து கூறல்: ஓட்டிசமுடையோரின் சொற்பொருளுணர்வு பற்றிய ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

கல்கிசையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றை எண்ணிக்கொள்வோம். மாலையில் வந்த மாமா ஒருவர் தேநீர் அருந்திப் பேசியிருந்துவிட்டு, "சரி, போட்டு வாறன்" என்று கூறிப் புறப்படுகின்றார். வீட்டார் யாவரும் உள்ளே திரும்புகின்றனர். ஐந்து வயதுச் சிறுவன் மட்டும் படலையடியிலே நிற்கின்றான். மாமா வருவதாகச் சொன்னார்; இன்னும் வரவில்லை. இருட்டிய பின்னும் அவன் உள்ளே வர மறுக்கின்றான். ஓட்டிசமுடைய பிள்ளை என்று மருத்துவர் முன்னரே கூறியிருக்கின்றார். "பிள்ளைக்குச் சொல் விளங்குகிறது, பொருள் விளங்கவில்லை" என்று வீட்டார் வருந்துகின்றனர்.

காட்சி கற்பனையே. ஆயின் அதன் முடிவிலே எழுந்த தீர்ப்பு கற்பனையன்று. ஓட்டிசமுடையோர் சொல்லுக்குச் சொல்லே பொருள்கொள்வர், இடம் நோக்கிப் பொருளுணரும் ஆற்றல் அவர்தம் மூளைக்கு இல்லை என்னும் கருத்து உளவியல் நூல்களிலிருந்து பாடசாலை ஆசிரியர் வரை பரவி வேரூன்றியுள்ளது. இத்தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் எவ்வளவு தூரம் அதனைத் தாங்குகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சிக்குத் தமிழிலக்கண மரபு ஓர் அளவுகோலைத் தருகின்றது என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்படும்.

1

முதற்கண் அளவுகோலை நோக்குவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பலபொருளொருசொல்லை இரண்டாக வகுக்கின்றது. ஒருவகைச் சொல்லின் பொருள் அதனோடு முடியும் வினையால் வேறுபட்டு விளங்கும். மற்றொருவகை அவ்வாறு வேறுபடாது. முதல்வகையிலே பொருளைத் தெளிவிப்பன வினை, இனம், சார்பு என்னும் மூன்றாம். 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், தளிர்த்தது என்னும் வினை வரின் அது மரம். கனைத்தது என வரின் குதிரை. பலாவோடு சேர்த்துச் சொல்லப்படின் இனத்தால் மரம். போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால், வினையும் இனமும் உதவாதவிடத்தும் சார்பினாலே குதிரை என்பது விளங்கும். இக்கடைசி எடுத்துக்காட்டின் கருத்து உரையாசிரியர் சேனாவரையருடையது.

இரண்டாம் வகையே நம் நோக்கத்துக்கு இன்றியமையாதது. 'மா விழுந்தது' என்றால் வினை உதவுவதில்லை. மரமும் விழும், குதிரையும் விழும். இத்தகைய இடத்து இலக்கணம் கூறும் வழி யாது? பொருளைக் கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்துச் சொல்லவேண்டும் என்பதே. மாமரம் விழுந்தது என்று சொல்லல் வேண்டும். கேட்போன் தன் மதியால் உய்த்துணரட்டும் என்று இலக்கணம் அவனை விட்டுவிடவில்லை. பொருள் தெளிவுறாதவிடத்து அதனைத் தெளிவிக்கும் கடமை சொல்வோனுடையதாகின்றது. பொருளுணர்வு இருவர்க்கிடையே நிகழ்வது, அது பிழைத்தவிடத்து இருவரையும் நோக்கவேண்டும் என்னும் கொள்கை இதன்கண் அடங்கியிருக்கின்றது எனலாம்.

2

இனி மேனாட்டு ஆய்வுகளுக்கு வருவோம். 1983இல் யூற்றா பிரித், மார்கரெட் ஸ்னோலிங் ஆகிய இருவர் இங்கிலாந்திலே நிகழ்த்திய ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. ஆங்கிலத்திலே எழுத்தால் ஒன்றாகவும் ஒலியாலும் பொருளாலும் வேறாகவும் உள்ள சொற்கள் சில உண்டு. கண்ணீரைக் குறிக்கும் சொல்லும் கிழித்தலைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்துக் கோவை. இவற்றை வாக்கியத்தில் அமைத்து உரக்க வாசிக்கச் செய்தபோது, ஓட்டிசமுடைய சிறுவர் வாக்கியத்துக்கு ஏற்ற ஒலியை ஏனையோரினும் குறைவாகவே தெரிந்தனர். 1997இல் பிரான்செஸ்கா ஹாப்பே செய்த ஆய்வும் இதனோடு ஒத்தது. பகுதிகளை நன்கு காணும் மனம், அவற்றை முழுமையாகத் தொகுத்து நோக்குவதில் நாட்டங்குன்றியிருக்கின்றது என்னும் பிரித்தின் கொள்கைக்கு இம்முடிவுகள் பெருந்துணையாயின.

இம்முடிவுகளைப் பொய்யென ஒதுக்குதல் பொருந்தாது. ஆயின் இவை எதனை அளந்தன என்று வினவுதல் தகும். உரக்க வாசித்தல் வேறு, பொருளுணர்தல் வேறு. பொருளை உள்ளத்தே உணர்ந்தும் வழக்கம் மிகுந்த ஒலியையே நா முந்திச் சொல்லுதல் கூடும். இவ்வையத்தைத் தீர்க்க உதவியது 2008இல் ஜோன் புரொக், கோர்ட்னி நோபரி முதலியோர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் வாசிக்கச் சொல்லவில்லை. வாக்கியத்தைக் கேட்கச் செய்து, திரையிலுள்ள படங்களுள் எதனைக் கண் நாடுகின்றது என்று அளந்தனர். தொடக்க ஒலி ஒத்த இரு சொற்களுள் வாக்கியத்தின் வினைக்குப் பொருந்தாத சொல்லின் படத்தை, மொழித்திறன் நன்கமைந்த ஓட்டிச இளைஞர் ஏனையோரைப் போலவே தவிர்த்தனர். வினையைத் துணைக்கொள்வதில் தளர்ந்தவர்கள் மொழித்திறன் குன்றியவர்கள்; அவர்களுக்கு ஓட்டிசம் இருந்ததா இல்லையா என்பது அத்துணை முதன்மை பெறவில்லை. தொல்காப்பியர் கூறிய மூன்றனுள் வினை என்னும் துணையை ஓட்டிசமுடையோர் பயன்படுத்தவே மாட்டார் என்பது இதனால் நிலைநில்லாது போயிற்று.

இவ்வாய்வு முறையை அவ்வாறே தமிழுக்குக் கொண்டுவரவும் இயலாது. தமிழிலும் எழுத்தால் ஒன்றி ஒலியால் வேறுபடும் சொற்கள் உள. கூறப்படும் கதையும் வீமன் ஏந்திய கதையும் எழுத்தில் ஒன்றே. செம்மையாக உச்சரிப்போர் வாயில் முன்னது ஒலிப்பிலாக் ககரத்தையும் பின்னது ஒலிப்புடைக் ககரத்தையும் கொண்டு தொடங்கும். 'வீமன் கதையைக் கேட்டான்', 'வீமன் கதையைச் சுழற்றினான்' என்னும் இரு வாக்கியங்களை நோக்குக. பொருளைத் தெளிவிக்கும் வினை இரண்டிலும் இறுதியிலேயே வருகின்றது. வாசிப்பவன் வினையைக் காணுமுன் சொல்லை ஒலித்துவிடுகின்றான். இவ்விடத்துப் பிழைப்பவன் ஓட்டிசமுடையவன் மட்டுமல்லன், பேராசிரியரும் பிழைப்பர். ஆங்கில வாக்கியங்களில் துணைச்சொற்களை முன்னும் பின்னும் மாற்றி வைக்க இயன்றதுபோல், வினையை இறுதியிற்கொண்ட நம் மொழியில் எளிதாக இயலாது. அன்றியும் நம் எழுத்துத் தமிழ் வீட்டிலே பேசும் தமிழன்று. எழுத்துத் தமிழிலமைந்த வாக்கியத்தைச் சிறுவன் முன் வைத்து, அவன் தடுமாறும்போது அதனை மூளையின் குறையென்று எழுதிவைத்தல் ஆராய்ச்சியாகாது.

3

மூளையையே நேராக நோக்கிய ஆய்வுகள் இவ்வழக்கைத் தீர்த்துவிட்டன என்று சிலர் கருதுவர். 1980இல் மார்ரா கூற்றாஸ், ஸ்ரீவன் ஹில்யார்ட் ஆகியோர் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். வாக்கியத்துக்குப் பொருந்தாத சொல்லொன்று வரும்போது, ஏறத்தாழ 400 மில்லிசெக்கனில் மூளையின் மின்னலையிலே ஒரு மாற்றம் தோன்றுகின்றது. சோற்றைச் சுவரால் குழைத்தான் என்று கேட்டவுடன் நம் மூளையிலே எழும் திடுக்காட்டின் தடம் அது எனலாம். ஓட்டிசமுடையோரிடத்து இம்மாற்றம் சில ஆய்வுகளிலே குறைந்தும் சிலவற்றிலே ஏனையோரை ஒத்தும் காணப்பட்டது. 2010இல் நெதர்லாந்திலே வெளியான ஆய்வொன்றில் இவ்வலை தெளிவுறாத ஒரு குழுவினரிடத்தும் அதற்குப் பின்னர் எழும் வேறோர் அலை காணப்பட்டது. அவர்கள் பொருந்தாமையை உணரவில்லை என்பதன்று. உணர்ந்த காலமும் வழியும் வேறு என்று கொள்வதே பொருந்தும்.

தொழிற்பாட்டுக் காந்தப் பரிவுப் படப்பிடிப்பாலும் இதே வகையான சித்திரம் கிடைக்கின்றது. 2004இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மார்செல் ஜஸ்ட் முதலியோர், வாக்கியத்தைப் பொருளுணரும்போது ஓட்டிசமுடையோரின் மூளையில் வேணிக்கே பகுதி மிகுதியாகவும் புரோக்கா பகுதி குறைவாகவும் தொழிற்படுகின்றன என்றனர். பகுதிகளின் ஒத்தியக்கமும் குறைவு என்றனர். சொற்பொருளைத் தனித்தனியே ஆழ்ந்து நோக்குதலும் அவற்றைத் தொடராக இணைத்தலில் வேறுபடுதலும் இதன் விளக்கமாகக் கூறப்பட்டன. 2006இல் ராஜேஷ் கானா முதலியோர், காட்சிப்படுத்தத் தேவையற்ற வாக்கியங்களைக்கூட ஓட்டிசமுடையோர் காட்சிக்குரிய மூளைப் பகுதிகளின் துணையோடு விளங்கிக்கொள்கின்றனர் என்று காட்டினர். 2007இல் வெளியான மற்றோராய்வு, சொற்களை இனங்காணும்போதும் அவர்களிடத்துப் பார்வைப் புறணி மிகுதியாக ஈடுபடுவதைக் கண்டது.

இவ்வாய்வுகளைப் படிக்குமிடத்து ஒரு சொல்லாட்சி திறனாய்வாளனின் கண்ணில் படுகின்றது. ஓரிடத்துச் செயல் குறைந்திருப்பின் அது குறை எனப்படுகின்றது; வேறோரிடத்துச் செயல் மிகுந்திருப்பின் அது ஈடுசெய்தல் எனப்படுகின்றது. ஆராயப்பட்டவர்கள் வாக்கியங்களுக்குச் சரியான விடையையே பெரும்பாலும் அளித்தனர் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்குக் காலி வீதி வழியே பஸ்ஸில் வருபவனும் கடலோரமாகப் புகையிரதத்தில் வருபவனும் ஒரே ஊரை அடைகின்றனர். புகையிரதத்தில் வந்தவன் காலி வீதியின்மைக்கு ஈடுசெய்தான் என்று யாரும் சொல்வதில்லை.

2014இல் ஜஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பாராட்டுதல், இகழ்தல், தழுவுதல், உதைத்தல் முதலிய 8 வினைகளைச் செய்வோர் நிலையிலும் ஏற்போர் நிலையிலும் எண்ணச் சொல்லி மூளையைப் படமெடுத்தனர். ஓட்டிசமுடைய 17 பேர், அஃதில்லாத 17 பேர் ஆகிய 34 பேருள் 33 பேரை எக்குழுவினர் என்று படத்தைக்கொண்டே சரியாக வகைப்படுத்த முடிந்தது. ஏனையோரிடத்துத் தன்னைப் பற்றிய எண்ணத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் இச்சொற்களோடு சேர்ந்து இயங்கின. ஓட்டிசமுடையோரிடத்து அவ்வியக்கம் பெரிதும் காணப்படவில்லை. தழுவுதல் என்பதன் பொருள் அவர்கட்குத் தெரியும், அதனுள் தாம் இல்லை என்பதுபோல் இது விளக்கப்பட்டது.

இது சிந்தனைக்குரிய முடிவே. ஆயினும் 34 பேரைக் கொண்டு ஒரு மாந்தக் குழுவின் அகத்தை அளந்துவிட்டோம் எனல் மிகை. மேலும், தழுவப்படும்போது உடல் கூசும் ஒருவன் அச்சொல்லை எண்ணும்போது எதனை எண்ணுகின்றான்? இகழப்பட்டே வளர்ந்த ஒருவனுக்கு இகழ்தல் என்னும் சொல்லில் தன்னை வைத்துப் பார்க்க மனம் வருமா? சொல்லின் பொருள் வாழ்க்கையிலிருந்து வருவது. வாழ்க்கையின் வடுவைப் பிறவியின் அமைப்பென்று கொள்ளும் ஆபத்து இத்தகைய விளக்கங்களில் எப்போதும் உண்டு.

4

இவ்வாபத்தை உணர்ந்திருந்தவர்களுள் முதல்வர், ஓட்டிசத்தை முதன்முதல் விரிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவரான லியோ கனர் என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவன், வீட்டுப் படங்கள் சுவர்மீது உள்ளன என்று தந்தை ஆங்கிலத்திற் கூறியபோது கலங்கி, அவை சுவருக்கு அருகில் உள்ளன என்று திருத்தினான். 'மீது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே என்பதே அவன் கொண்ட பொருள். தமிழிலே சுவரில் என்று இல் உருபு சேர்த்துச் சொல்லியிருந்தால் அவன் கலங்கியிருக்கமாட்டான் எனக் கருத இடமுண்டு. இடர்ப்பாடு சிறுவனிடத்து மட்டுமன்றி மொழியிடத்தும் இருந்தது.

1946இல் கனர் எழுதிய கட்டுரை இதனினும் சிறந்தது. அது பெற்றிருக்கவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. ஓட்டிசமுடைய பிள்ளைகள் தொடர்பின்றிக் கூறுவனபோலத் தோன்றுவன உண்மையில் உருவகங்கள் என்று அதில் அவர் வாதிட்டார். ஒரு சிறுவன் சமையற் பாத்திரத்தைக் காணுந்தோறும் ஒரு மழலைப் பாடலின் இரு சொற்களைச் சொல்வான். காரணம் யார்க்கும் விளங்கவில்லை. அவன் இரண்டு வயதினனாயிருந்தபோது அன்னை அப்பாடலைப் பாடிக்கொண்டே சமையலறையிற் பணிபுரிந்தாள் என்பதும், அவ்வேளை பாத்திரமொன்று அவள் கையிலிருந்து விழுந்தது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. அன்றிலிருந்து அச்சொற்களே பாத்திரத்துக்குப் பெயராயின. தொடர்பில்லாத பேச்சு அன்று அது. தொடர்பை அறிந்த சாட்சி வேறெவரும் இல்லாத பேச்சு.

நம் இலக்கணத்திலே இதற்கு ஏறத்தாழ ஒரு பெயர் உண்டு. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. அக்குழுவினுள் இல்லாதார்க்கு அது விளங்காது. அதனால் பொற்கொல்லர்க்குப் பொருளுணர்வு இல்லை என்று யாரும் கூறுவதில்லை. மேற்கூறிய சிறுவனின் சொல் ஒருவரே உறுப்பினராக உள்ள குழுவின் குறியாகும். இனிப் படலையடியிற் காத்து நிற்கும் நம் சிறுவனிடம் மீள்வோம். 'போகிறேன்' என்பது அமங்கலம் ஆதலின் நாம் 'போய்வருகிறேன்' என்கிறோம். அது மங்கல வழக்கு; நம் குழுவின் உடன்பாடு. அவ்வுடன்பாட்டை அவனுக்கு யாரும் கிளந்து சொல்லவில்லை. சொற்களின் நேர்பொருளை அவன் பிழையின்றி உணர்ந்தான். மாமாவின் வாக்கை நம்பியவன் அவன் ஒருவனே.

5

இலங்கையில் இவ்விடயம் ஏட்டளவிலான வாதமன்று. கொழும்புப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் என மதிப்பிட்டது. இத்தொகை பலராலும் எடுத்தாளப்படுகின்றது. அது 374 குழந்தைகளுள் 4 பேரைக் கொண்டு பெறப்பட்டது என்பது அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. அதே ஆய்வின் மற்றொரு முடிவு இன்னும் முக்கியமானது. மேனாட்டில் ஆக்கப்பட்டு மொழிபெயர்க்கப்பட்ட வினாக்கொத்து அந்நால்வருள் ஒருவரையே இனங்கண்டது. எனவே, பேராசிரியர் குழுவினர் 2017இல் புதிய வழியொன்றை வெளியிட்டனர். வினாக்களோடு படங்களைக் காட்டிப் பெற்றோரிடம் கேட்கும் முறை அது. சொல்லால் மட்டும் கேட்டபோது பொருள் சென்று சேரவில்லை என்பதை உணர்ந்து, கேட்போன்மீது பழிபோடாது, கேட்கும் முறையையே திருத்திய இச்செயல் கிளந்து கூறலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பேச்சுச் சிகிச்சைக்கான பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்திலே 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கி 2008இல் பட்டப் படிப்பாக வளர்ந்தது. கல்கிசை, தெகிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெற்றோர் எதிர்நோக்கும் கேள்வி, எம்மொழியில் அச்சிகிச்சை நடைபெறும் என்பதே. வீட்டிலே தமிழ், ஒழுங்கையிலே சிங்களம், பாடசாலையிலே ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைக்குக் குழப்பம் வேண்டாம், ஒரு மொழியே போதும் என்னும் அறிவுரை எளிதாகக் கிடைக்கின்றது. விடப்படும் மொழி பெரும்பாலும் தமிழாகின்றது. கல்கிசைப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையிலே ஒரே ஊருக்குக் கல்கிசை என்றும் மவுண்ட் லவினியா என்றும் இரு வேறு பெயர்கள் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் புதிராகலாம். ஆயின் புதிரை விளக்குவதற்குப் பதிலாக ஒரு பெயரை அழித்துவிடுவது தீர்வாகாது. 2012இல் மொன்றியாலிலே கத்தரின் ஹம்ப்ளி, எரிக் பொம்போன் ஆகியோர் ஓட்டிசமுடைய 75 பிள்ளைகளை ஆராய்ந்து, இருமொழிச் சூழலில் வளர்ந்தோர்க்கு மொழி வளர்ச்சியில் மேலதிகத் தாமதம் இல்லை என்று கண்டனர். பாட்டியோடு பேசும் மொழியைப் பறித்துவிட்டு, பிள்ளை பேசுவதில்லை என்று வருந்துதல் முரண்பாடன்றோ?

6

இதுவரை கூறியவற்றால் ஓட்டிசமுடையோர்க்குச் சொற்பொருளிலே இடர்ப்பாடே இல்லை என்று நிறுவ முயன்றோம் எனக் கொள்ளற்க. பேச்சே வாராத பிள்ளைகள் உளர்; மேற்கண்ட மூளை ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களை ஆராயவில்லை. குறிப்பு மொழியும் எள்ளலும் பலர்க்கு நாளாந்தம் வருத்தம் தருவன. வினையும் இனமும் உதவுமிடத்தில் அல்லாது, சார்பு ஒன்றே உதவுமிடத்தில் அவ்வருத்தம் மிகுதி எனலாம். கவசம் அணிந்து நிற்பவன் உள்ளத்தை ஊகித்தால் அன்றோ அவன் கேட்பது குதிரையென்று தெரியும்?

ஆயின் ஊகிக்க இயலாமை ஒருபக்கத்தது மட்டுமன்று. ஓட்டிசமுடையவரும் ஆய்வாளருமான டேமியன் மில்ரன் 2012இல் இதனையே வற்புறுத்தினார். ஓட்டிசமுடையோர் ஏனையோரை விளங்கிக்கொள்ளாததுபோல் ஏனையோரும் அவர்களை விளங்கிக்கொள்வதில்லை என்றார். 2020இல் எடின்பரோவில் 72 பேரைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வில், ஓட்டிசமுடையோர் தமக்குள் ஒருவர்க்கொருவர் செய்தி கடத்தியபோது அச்செய்தி ஏனையோரிடத்துப் போலவே நன்கு காக்கப்பட்டது. இரு சாராரும் கலந்த குழுவிலேதான் மிகுதியாகச் சிதைந்தது. 2025இல் 311 பேரைக்கொண்டு விரிவாகச் செய்த ஆய்வு, கலந்த குழுவின் சிதைவை உறுதிசெய்யவில்லை. ஆயின் ஓட்டிசமுடையோர் செய்தி கடத்துவதில் பின்தங்கியவரல்லர் என்பது இரண்டிலும் பொதுவாகப் பெறப்படும் முடிவாகும்.

ஆதலின், சொல் விளங்குகிறது பொருள் விளங்கவில்லை என்னும் தீர்ப்பு ஆதாரங்களுக்கு மிஞ்சியது என்பதே எம் முடிவு. ஆதாரங்கள் காட்டுவது வேறோர் வழியையும் வேறோர் காலவளவையும், சில இடங்களிலே உண்மையான இடர்ப்பாட்டையும் ஆகும். அவ்விடர்ப்பாட்டின் பாதியை நீக்கும் ஆற்றல் சொல்வோரிடம் உள்ளது. தமிழ்த்துறையும் மொழியியற்றுறையும் உள்ள நம் பல்கலைக்கழகங்களிலே, தமிழின் பலபொருளொருசொற்களையும் பேச்சு வழக்கையும் அறிந்த மாணவர்கள், மருத்துவ பீடத்தாரோடு சேர்ந்து தமிழுக்கேற்ற சோதனைகளை ஆக்குதல் கூடும். அதற்கு முன்னர் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்த மாமா படலையைத் தாண்டுமுன் திரும்பி, "தம்பி, நான் வீட்டை போறன். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பி வருவன்" என்று சொல்லியிருக்கலாம். சிறுவன் உள்ளே போய் உணவு உண்டிருப்பான்.